அக்காவின் பெயரில் ஓர் அடையாள அட்டை

அம்மாக்கண்ணுவைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லிவிட முடியாது. தேயிலைச் செடிக்கு அடியில் சுருண்டு கிடந்த பாம்பைக் கல்லால் நசுக்கிவிட்டு, அடுத்த நிமிஷமே கொழுந்தில் கை வைத்தவள் அவள். நிறுவையில் கிலோவைக் குறைத்துச் சொன்ன கணக்கப்பிள்ளையை மலை முழுக்கக் கேட்கிற மாதிரி வாங்கு வாங்கென்று வாங்கியவள். அப்பேர்ப்பட்டவளை நடுங்க வைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுடைய பெயரை உரக்க வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். தேர்தல் நாளா, ஆஸ்பத்திரியில் மருந்துத் துண்டா, எதுவாயிருந்தாலும் சரி, "அம்மாக்கண்ணு!" என்று ஒரு குரல் கூப்பிட்டுவிட்டால் அவளுக்கு ஈரக்குலை நடுங்கிவிடும். உடனே பதில் சொல்ல மாட்டாள். முதலில் திரும்பி வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வாள்.

நோர்வூட்டில் இறங்கி, பொகவந்தலாவைப் பக்கம் போகிற பஸ் பிடித்து, பாலத்தடியில் இறங்கி ஏறினால், வரிசை அறைகளாக நீளும் அவளுடைய லயம். வீட்டில் அவளும் மகள் கிருஷாந்தியும்தான். புருஷன் ஆண்டியப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான். கிருஷாந்தி ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். இருபத்தேழு வயசு, வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு.

சென்ற மழைக்காலத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதே, அப்போது லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அம்மாக்கண்ணுவின் காம்பரா லயத்தின் கடைசி அறை. மேடு வந்து முட்டியது அந்தச் சுவரில்தான். கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு வெடிப்பு. முதலில் நகம் நுழையும் அகலம், பிறகு கை நுழையும் அகலம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் அளந்து பார்த்துவிட்டு, சுவரில் சிவப்பு மையால் பெருக்கல் குறி ஒன்று போட்டுவிட்டுப் போனார்கள். குறி போட்டால் சுவர் நின்றுவிடுமா? அவர்களுக்கென்ன, இரவு அதனடியில் படுக்கிறது அவர்களா!

ஆனாலும் ஒரு நல்ல சேதி வந்தது. கீழே ரோட்டோரத்துச் சமதரையில் கட்டி முடித்திருந்த புது வீடுகளை இந்த லயத்து ஆட்களுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பதிவு நடந்தது. பிரதேச செயலகத்திலிருந்து கமலேஸ்வரி மிஸ் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பத்தின் பத்திரங்களையும் பார்த்தாள். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து, படித்து, உத்தியோகத்துக்கு வந்தவள். முகம் கொடுத்துப் பேசுகிறவள்.

"அம்மா, உங்க அட்டையில அம்மாக்கண்ணுன்னு இருக்கு. மகளோட பொறப்புச் சான்றிதழ்ல தாயோட பேரு மீனம்மான்னு இருக்கே?"

கிருஷாந்தி சிரித்தாள். "அது வீட்டுப் பேரு மிஸ். எங்கப்பா மீனா, மீனான்னுதான் கூப்பிடுவாரு. பதியிறப்ப அதையே குடுத்துட்டாரு போல."

தோட்டத்தில் ஒருத்தருக்கு இரண்டு பெயர் இருப்பதெல்லாம் ஒரு அதிசயமா? செக்ரோல் என்கிற தோட்டத்து ஆட்பதிவில் ஒன்று, வீட்டில் ஒன்று, சாமி கும்பிடும்போது ஒன்று. கமலேஸ்வரியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

"பரவாயில்ல. ஒத்த ஆளுக்குத் தனி வீடு கிடையாது. தாயும் மகளும்னு காட்டினாத்தான் கிடைக்கும். ரெண்டும் ஒரே ஆளோட பேருதான்னு ஜே.பி.கிட்ட ஒரு சத்தியக் கடதாசி எழுதி வாங்கிட்டு வந்துடுங்க."

அம்மாக்கண்ணு தலையை ஆட்டினாள். மூச்சு விடப் போனாள். அப்போதுதான் கமலேஸ்வரி அடுத்ததைச் சொன்னாள்.

"வேற ஒரு இடத்துல செத்தவங்க பேருல வீடு வாங்கிட்டாங்கன்னு மேல புகார் போயிருக்கு. அதனால இந்த வாட்டி எல்லாப் பேரையும் மரணப் பதிவுல தேடச் சொல்லியிருக்காங்க. உங்க ரெண்டு பெயரையும் தேடுவோம். பயப்படாதீங்க, சும்மா ஒரு முறைக்குத்தான்."

அம்மாக்கண்ணு மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். ஏனென்றால் மீனம்மா செத்துப்போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. கிருஷாந்தி பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, வயதையும் தகப்பன் பெயரையும் போட்டு, அரசாங்கப் பதிவில் ஏறிய சாவு அது. அந்த மீனம்மா இவள்தான்.

எப்படியென்று சொன்னால்தானே விளங்கும்.

தம்புவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் அம்மாக்கண்ணு, இளையவள் மீனம்மா. தாய் இல்லை. தம்பு மரம் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்ததால் தோட்டத்தில் அவன் பெயரை வெட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் வீட்டில் ஒருத்தர் பெயராவது செக்ரோலில் இருந்தால்தான் குடியிருக்கக் காம்பரா. பெயர் போனால் காம்பரா போகும், காம்பரா போனால் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். அம்மாக்கண்ணு பதினெட்டு வயதில் பேர் பதிந்து மலைக்குப் போனாள். மூன்று பேருடைய தலைக்கு மேலிருந்த கூரையும் அந்த ஒரு பெயரில்தான் நின்றது.

பொழுது சாய்கிற நேரம் தம்பு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடி "அம்மாக்கண்ணு, மீனம்மா!" என்று ஒரே மூச்சில் குரல் கொடுப்பான். இளையவள் வாயைத் திறக்கவே மாட்டாள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் இருந்தாலும் சரி, விறகுக்குப் போயிருந்தாலும் சரி, அக்காதான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து, "வந்துட்டோம்ப்பா!" என்று கத்துவாள்.

மாசி மாதம் காமன் கூத்துப் பார்க்கவென்று, தம்புவும் தடியூன்றிக்கொண்டு வர, மூன்று பேருமாகத் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்த அத்தை வீட்டுக்குப் போனார்கள். போன இடத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டு அனுப்பினார்கள். லொறி வந்தபோது பிள்ளை இல்லை.

மரணத்தைப் பதிய அந்தத் தோட்டத்து மருந்துக்காரர் பெயர் கேட்டார். தம்பு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. "மீனம்மா" என்றான்.

பக்கத்தில் நின்ற மீனம்மா ஏதோ புத்தி தடுமாறிச் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். "அப்பா..." என்று வாயெடுத்தாள். தம்பு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். எலும்பு நொறுங்குகிற பிடி. மருந்துக்காரர் எழுதிக்கொண்டு போன பிறகுதான் கையை விட்டான்.

"அம்மாக்கண்ணு பேரு போனா நம்ம காம்பரா போயிடும். இன்னியிலருந்து நீதான் அம்மாக்கண்ணு. யாரு கேட்டாலும்."

"அப்ப நானு?"

"மீனம்மா செத்துட்டா."

பாவி மனுஷன். பெற்ற பிள்ளையின் பிணத்தை முன்னால் போட்டுக்கொண்டு காம்பராவைப் பற்றி யோசித்தான். திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் இன்னொரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒடிந்த இடுப்போடு அவன் எந்த ரோட்டில் போய் நிற்பான் என்று கேட்டால், யாரிடம் பதில் இருக்கிறது?

அத்தை வீட்டு வாசலில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அந்தத் தோட்டத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். "மீனம்மா போயிட்டியேடி, என் தங்கமே மீனம்மா" என்று எல்லாம் தெரிந்த அத்தையே மாரில் அடித்துக்கொண்டாள். மீனம்மா கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து தன்னுடைய சாவுக்கு மற்றவர்கள் அழுவதைக் கேட்டாள். அக்கா என்று ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. கூப்பிட முடியாது. இப்போது மூத்தவள் அவள்தானே. "தங்கச்சி" என்று சொல்லித்தான் அழ வேண்டியிருந்தது. தனக்கு மூத்தவளின் காலைக் கட்டிக்கொண்டு தங்கச்சி, தங்கச்சி என்று அழுத அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தப் பயம் பிடித்தது. நிஜமாகவே செத்தது நான்தானோ என்ற பயம்.

அடுத்த வாரம் அக்காவின் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை "அம்மாக்கண்ணு" என்று வாசித்தான். நாக்கு ஒட்டிக்கொண்டது. கங்காணிக்கு எல்லாம் தெரியும். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "பதில் சொல்லு புள்ள" என்றார். அவர் காட்டிக் கொடுக்கவில்லை. வேறு யாருமே கொடுக்கவில்லை. செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் பெயரில் வேலை செய்கிற ஆள் அந்த மலையில் இன்னும் எத்தனையோ வீட்டில் இருந்தது. தம்பு அன்றிலிருந்து சாயங்காலங்களில் ஒரு பெயரை மட்டும்தான் கூப்பிட்டான். அவளும் "வந்துட்டேன்" என்று போனாள்.

கல்யாணமானபோது ஆண்டியப்பனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவன் அன்றிலிருந்து வீட்டுக்குள் மீனா என்றே கூப்பிட்டான். கிருஷாந்தி பிறந்தபோது பதியப்போனவன் பிஸ்கட் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டு வந்தான். தாய் பெயர் என்ன கொடுத்தாய் என்று கேட்டாள். சொன்னான். பச்சை உடம்பு என்றும் பாராமல் எழுந்து அவன் முதுகில் நாலு வைத்தாள்.

"கெடுத்தியே! அது செத்தவ பேருய்யா!"

"எவன் தேடிப் பார்க்கப்போறான்? ஒரு எடத்துலயாவது நீ நீயா இருக்கணும்ல" என்றான் அவன், அடியை வாங்கிக்கொண்டே.

ஆசையாகத்தான் செய்தான். அந்த ஆசைதான் இப்போது கழுத்துக்கு வந்து நின்றது. தேடினால் என்ன ஆகும்? மீனம்மா செத்துவிட்டாள் என்று வரும். அப்படியானால் நீ யார் என்று கேட்பார்கள். செத்தவள் எப்படிப் பிள்ளை பெற்றாள் என்று கேட்பார்கள். கள்ள அட்டை என்று பொலிசில் பிடித்துக் கொடுப்பார்கள். வீடும் கிடையாது, மகளுக்குத் தாயும் கிடையாது.

"சத்தியக் கடதாசியெல்லாம் வேணாம்டி" என்றாள் மகளிடம். "இருக்கற எடத்துலயே இருந்துக்கலாம்."

"சொவரு விழுந்து சாகப் போறியா? ஒரு கையெழுத்துக்கு என்னம்மா இப்படிப் பயந்து சாகுற?"

மகள் விடுகிற ஆளில்லை. ஒரு சனிக்கிழமை, இழுக்காத குறையாக டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சத்தியக் கடதாசிக்கு முத்திரை வைக்கிற சமாதான நீதவான், ஜே.பி. யோகேஸ்வரன், யாழ்ப்பாணத்துக்காரர். படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். "வாங்கோ பிள்ளை, இருங்கோ. இது சின்ன அலுவல்தானே" என்று ஐந்து நிமிஷத்தில் தட்டச்சுச் செய்துவிட்டார். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"'அம்மாக்கண்ணு என்பதும் மீனம்மா என்பதும் என் ஒருத்தியையே குறிக்கும் பெயர்கள் என்றும், அவை வேறு எவரையும் குறிக்கவில்லை என்றும் உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதி கூறுகிறேன்.' சரிதானே அம்மா? இதிலை கையெழுத்தை வையுங்கோ."

பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள். பேனா நுனி தாளைத் தொடவில்லை.

"ஐயா, வேற யாரையும் இல்லைன்னா?"

"அப்பிடி வேறை ஒரு ஆள் இல்லை எண்டு அர்த்தம். ரெண்டும் நீங்கள்தான்."

"அது பொய்யா இருந்தா என்னங்க ஆகும்?"

யோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். "பொய்ச் சத்தியம் எண்டால் மறியல்தான் அம்மா, சிறைக்குத்தான் போகவேணும். தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வைச்சால் எனக்கும் அதுதான். ஏன் கேக்கிறியள்?"

அம்மாக்கண்ணு பேனாவை மேசையில் வைத்தாள். எழுந்தாள். கிருஷாந்தி "அம்மா, அம்மா" என்று கூப்பிடக் கூப்பிடப் படி இறங்கி ரோட்டுக்கு வந்துவிட்டாள். பஸ் தரிப்பிடத்து பெஞ்சில் போய் விழுந்தாள்.

மகள் மூச்சு வாங்க வந்து நின்றாள். "உனக்கு என்னதான்மா ஆச்சு?"

அங்கே வைத்துத்தான் சொன்னாள். பஸ் வந்து போனது. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. இரண்டு பேரும் ஏறவில்லை. கிருஷாந்தியின் முகம் வெளிறிப்போனது.

"அப்ப நான் யாருக்குப் பொறந்தவ? பேப்பர்படி செத்துப்போன ஒருத்திக்கா? இத்தனை வருஷம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா!"

"பயம்டி. சொன்னா வாய் தவறி எங்கயாச்சும் சொல்லிருவியோன்னு பயம்."

கிருஷாந்தி வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அழுகிறாளா, கோபமா என்று தெரியவில்லை. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பெரியம்மா எப்படி இருப்பாங்க?"

அம்மாக்கண்ணு விக்கித்துப் போனாள். நாற்பது வருஷத்தில் ஒருத்தராவது அப்படிக் கேட்டதுண்டா? அக்காவுக்கு யாருமே சாவு சொல்லவில்லை, யாரும் அவள் பெயரைச் சொல்லி அழவில்லை, திதி கொடுக்கவில்லை. தலை முடி நல்ல அடர்த்தி, சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள், கொய்யாக்காயை உப்புத் தொட்டுத் தொட்டுத் தின்பாள். அவ்வளவும் சொன்னாள். "அக்கா" என்றாள். பஸ் தரிப்பிடத்தில், அத்தனை பேருக்கு நடுவில், நாற்பது வருஷம் பிந்தி அக்கா அக்கா என்று தேம்பித் தேம்பி அழுதாள். மகள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆனாலும் பயம் போகவில்லை. அழுதால் போகிற பயமா அது? வீட்டுக்கு வந்து, "எனக்கு அந்த வீடு வேணவே வேணாம்" என்று படுத்துக்கொண்டாள். கிருஷாந்தியும் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி மழை பிடித்தது. கிருஷாந்தி பின்சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். "தேத்தண்ணி ஆறுது, வந்து குடி" என்று அம்மாக்கண்ணு அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். மகள் எழுந்து இரண்டு எட்டு வைத்திருப்பாள். பின்னால் திடுமென்று ஒரு சத்தம். சிவப்புக் குறி போட்டிருந்த இடத்திலிருந்து ஒரு கருங்கல்லும் கூடை கூடையாகச் சேறும் கட்டிலில் வந்து விழுந்தன. சீப்பு கல்லுக்கு அடியில் கிடந்தது.

அம்மாக்கண்ணு கத்தக்கூட இல்லை. மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கல்லையே பார்த்தபடி நின்றாள். இத்தனை காலமும் பயம் என்று நினைத்ததெல்லாம் பயமே இல்லை. பயம் என்றால் இதுதான். அன்றிலிருந்து படுக்கை பக்கத்துக் காம்பராவுக்கு மாறியது; விடிந்ததும் அவளே மகளை எழுப்பினாள்.

"கெளம்பு. கமலேஸ்வரி மிஸ்கிட்ட போறோம்."

செயலகத்தில் கமலேஸ்வரியின் மேசைக்குப் பக்கத்தில் கிராம சேவகரும் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர்தான். வந்தவளைப் பார்த்ததும் பட்டியலைப் புரட்டிக்கொண்டே, "நம மொகத்த அம்மே?" என்று சிங்களத்தில் பெயர் கேட்டார். வாயில் பழகிய பெயர் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அம்மாக்கண்ணு திரும்பி வாசலைப் பார்த்தாள். வாசலில் கிருஷாந்தி நின்றாள்.

"மீனம்மா" என்றாள்.

பிறகு கமலேஸ்வரியிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது கையிரண்டும் தானாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. கமலேஸ்வரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நெற்றியில் கை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா இதை எங்கிட்ட வந்து சொன்னீங்க? அந்தக் காலத்துத் தோட்டப் பதிவெல்லாம் இன்னும் கம்ப்யூட்டர்ல ஏறல. தேடினாலும் கிடைச்சிருக்காது."

அம்மாக்கண்ணு மகளைத் திரும்பிப் பார்த்தாள். கிடைக்கவே கிடைக்காத ஒரு தாளுக்கா இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தாள்?

"எங்கப்பாவும் செத்துப்போன சித்தப்பா பேருலதான் வேலை செஞ்சாரு" என்றாள் கமலேஸ்வரி. "நீங்க சொன்னது என் காதுல விழவே இல்லைன்னு வச்சிக்கிறேன். கிராம சேவகர் மாத்தயாவுக்கும் தமிழ் அவ்வளவா விளங்காது. போய் அந்தக் கடதாசில கையெழுத்தைப் போட்டுக் கொண்டாங்க. அடுத்த மாசம் வீட்டுக்குப் போயிடலாம். வேற வம்பே இல்ல."

வீட்டுக்கு வழி பிறந்துவிட்டது. இனி ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. கிருஷாந்தி தாயின் முகத்தைப் பார்த்தாள். அம்மாக்கண்ணு குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடதாசியில, அப்படி வேற ஆளே இல்லைன்னு எழுதியிருக்கு மிஸ்."

"ஆமா. அது வழக்கமா எழுதுறதுதான்."

"எங்கக்கா இருந்தாங்க" என்றாள் அம்மாக்கண்ணு. "அவ பேருல சோறு தின்னேன். அவ பேருலதான் எங்கப்பாவ வச்சிக் காப்பாத்தினேன். சாவுலயும் அவளுக்கு அவ பேரைக் குடுக்கல. இப்ப அவ பொறக்கவே இல்லைன்னு என் கையாலயே எழுதச் சொல்றீங்களே. எனக்குப் பயமாத்தான் இருக்கு மிஸ். மறியலுக்குப் போகவும் பயம், சொவத்துக்கும் பயம். ஆனா அதுல மட்டும் கையெழுத்து வைக்க மாட்டேன்."

கமலேஸ்வரி பேனாவை மூடி வைத்தாள். "உண்மையைத்தான் எழுதணும்னா, நடந்ததை நடந்தபடி எழுதிச் சத்தியம் பண்ணணும். விசாரணை வரும். கோர்ட்டுக்குப் போக வேண்டி வரும். அட்டையைத் திருப்பிக் கேட்டாலும் கேப்பாங்க. வீடு தருவாங்களான்னு நான் இப்ப சொல்ல முடியாது. யோசிச்சுக்கங்க."

"நீ என்னடி சொல்ற?" என்று மகளைக் கேட்டாள்.

"கட்டில்ல விழுந்த கல்லைவிடவா கோர்ட்டு பெருசு?" என்றாள் கிருஷாந்தி. "எழுதும்மா. நான் யாரு வயித்துல பொறந்தேன்னு எனக்கும் ஒரு பேப்பர் வேணும்."

யோகேஸ்வரன் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். "இதுக்கு மூண்டு பக்கம் வேணும் பிள்ளை" என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் அக்கா செத்த தோட்டம், காமன் கூத்து, காய்ச்சல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். 'அம்மாக்கண்ணு என்னும் என் தமக்கை' என்ற வரி வந்தபோது அம்மாக்கண்ணு அதை மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள். கையெழுத்துப் போட அவளுக்கு அக்கா பெயர் மட்டும்தான் எழுத வரும். கிருஷாந்தி ஒரு துண்டில் மீனம்மா என்று எழுதிக் காட்டினாள். பார்த்துப் பார்த்து எழுதினாள். கோணலாக வந்தது. ஜே.பி. தன் கையெழுத்தையும் வைத்து, முத்திரையைக் குத்தினார்.

அதற்குப் பிறகுதான் நிஜமான பயம். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கொழுந்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தபால்காரன் வந்தால் உள்ளே போய் நின்றுகொண்டாள். ஒரு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்தச் சாவு வீட்டில் கூட இருந்த அத்தை மகளைக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைத்தார்கள். இன்னும் கோர்ட்டுத் தவணை இருக்கிறது என்றார்கள். என்ன முடிவு வரும் என்று ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

வீட்டுப் பட்டியல் வாசிக்கிற நாளும் வந்தது. அதே பள்ளிக்கூடத்து மண்டபம். லயமே திரண்டு வந்திருந்தது. வழக்கு முடியாத ஆளுக்கு வீடு தருவார்களா மாட்டார்களா என்று அன்று காலைவரைக்கும் கமலேஸ்வரிக்கே தெரியாதாம். அம்மாக்கண்ணு கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். சிரித்துக்கொண்டு எழுந்து போனார்கள். பட்டியல் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டது. இல்லை, அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் முடிவே செய்துவிட்டாள்.

கமலேஸ்வரி தாளைத் திருப்பினாள். வழக்குத் தீரும்வரை இரண்டு பெயரையும் போட்டே கொடுக்கச் சொல்லியிருந்தார்கள் மேலிடத்தில். ஒரே மூச்சில் வாசித்தாள்.

"அம்மாக்கண்ணு, மீனம்மா!"

எப்போதும் போல ஈரக்குலை நடுங்கியது. எப்போதும் போல வாசல் எங்கே என்று கண் தேடியது. தகப்பன் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த இரண்டு பெயர்களையும் அப்படிச் சேர்த்து யாரும் கூப்பிட்டு நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பதில் சொல்ல வேண்டியவள் அக்கா. அவள் குரல் வருமென்று ஒரு கணம் காத்துக்கூட இருந்தாள். பிறகு மகளின் கையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"வந்துட்டோம்ங்க" என்றாள்.

முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்து, ஒத்த ஆளுதானே நிக்குது என்று சிரித்தார்கள். கிருஷாந்தி சிரிக்கவில்லை. கமலேஸ்வரி இரண்டு பெயருக்கு நேரேயும் சரி போட்டுவிட்டு, வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.